நான்காம் புள்ளி

நோபல் பார்க் நூலகத்தின் பின்னறை,
புதன் மாலை ஆறரை.
சமோசாத் தட்டு என்னைத் தாண்டிப் போகிறது.
மொழிபெயர்க்க வந்தவள் வாய் காலியாக இருக்கவேண்டும்.

கவுன்சிலிலிருந்து வந்த லியான்
திரையில் வரைபடத்தை விரிக்கிறாள்.
போன வருடத்தைவிடக் கார்த் திருட்டு பதினொரு சதவீதம் கூட,
வீடு உடைப்புக் கொஞ்சம் குறைவு,
பிறகு அந்தச் சொல்:
ஆன்டிசோஷியல் பிஹேவியர்.

அகராதியில் அதற்குச் 'சமூக விரோதம்' என்றிருக்கிறது.
எங்கள் பத்திரிகைகளில்
சந்தியில் சுடப்பட்டுக் கிடந்தவனுக்கு
மறுநாள் வைத்த பெயர் அது.
இங்கே அது
ஸ்டேஷன் படியில் சத்தமாய்ப் பாட்டு,
கால்வாய்க்குள் உருட்டிவிட்ட கடைத் தள்ளுவண்டி,
சுவரில் பச்சை மையில் ஒரு பெயர்.
இரண்டு நொடி தாமதித்து
'ஆக்களுக்குத் தொல்லை' என்றேன்.
லியான் நிமிர்ந்து பார்த்தாள்,
இவ்வளவு சின்னதாகவா என்று.

பலசரக்குக் கடை சிவபாதம் எழும்புகிறார்.
"மூண்டு தரம் கண்ணாடி உடைச்சிட்டாங்கள்.
இன்சூரன்ஸ்காரன் இனி ஏலாது எண்டிட்டான்.
நான் என்ன, கடைக்குள்ளயே படுக்கிறதோ?"
என் கடை, என் கண்ணாடி, நான் எங்கே படுப்பது
என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
தொழில் விதி: பேசுபவரின் 'நான்'
என் வாயிலும் 'நான்'தான்.
ஒரே மாலைக்குள் எத்தனை பேராய்ப் பயந்துவிட்டேன்.

சிவப்புப் புள்ளிகள்.
லாண்டரிக்கு எதிரே, பஸ் தரிப்பில்,
வாங்கு கிடக்கும் இடத்தில்
ஐந்து ஒட்டிக்கொண்டிருந்தன.
நான்காவது: மார்ச் பத்தொன்பது, இரவு பதினொன்று நாற்பது.
வகை: இளைஞர் கூட்டம், தொந்தரவு.

அந்த அழைப்பில் நான் இருந்தேன்,
பல் துலக்கிய வாயோடு, இரண்டு குரல்களுக்கு நடுவில்.
ஒரு பெண் சொன்னாள்:
"ஒவ்வொரு நாளும் நாலு பெடியள் இருப்பாங்கள்.
இண்டைக்கு மூண்டு பேர்தான், சத்தமே இல்லை.
மற்றவன் நிலத்தில கிடக்கிறான் போல.
ஆரும் வந்து பாருங்கோ."
ஒரு சொல் விடாமல் பெயர்த்தேன்.
மறுமுனையில் யாரோ தட்டச்சும் ஒலி,
வகை தேடுகிறார்கள் என்று அப்போது தெரியாது.
யாரும் போனார்களா, தெரியாது.
அழைப்பு முடிந்தால் எனக்கும் முடிந்தது.
கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

திட்டத்தின் மூன்றாம் பக்கம்:
விளக்கு ஒன்று, கேமரா இரண்டு, வாங்கை அகற்றுதல்.
"வாங்கை எடுத்துப்போடுவினமாம்" என்றேன்.
தலைகள் ஆடின. சிவபாதம் கைதட்டினார்.
அவர் கண்ணாடிக்கும் அந்த வாங்குக்கும் அரைக் கிலோமீட்டர்.

கடைசி வரிசையில் ஒருத்தி,
முதியோர் இல்லச் சீருடையைக்கூட மாற்றாமல்.
முதல் சொல்லிலேயே குரல் பிடிபட்டது.
"லேட் ஷிப்ட் முடிஞ்சு நான் அந்த வழியாலதான் வாறனான்.
அவங்கள் அதில இருக்கிறபடியால்தான் வாறனான்.
'ஆன்ட்டி, பஸ் போட்டுது' எண்டு ஒருத்தன் சொல்லுவான்.
வாங்கை எடுத்தா நான் எந்த வழியால வாறது?"

நான் என்று தொடங்கினேன்.
அந்த ஒருமுறை குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.
விதியில் அதற்கு இடமில்லை.
நாலாவது பெடியனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஆகவே நானும்.

நல்ல கருத்து, நன்றி என்றாள் லியான்.
மொழிபெயர்த்தேன்.

ஆகஸ்டில் போர்வை தோய்க்க லாண்டரிக்குப் போனேன்.
புது விளக்கு நன்றாகத்தான் எரிகிறது.
கீழே சிமெந்தில் ஆணி பிடுங்கிய நான்கு ஓட்டைகள்,
மூன்றில் மழைத்தண்ணீர்,
ஒன்றில் யாரோ சுவிங்கத்தை அமுக்கி
மட்டமாக அடைத்திருந்தார்கள்.
பஸ் வர ஒன்பது நிமிடம்.
ஈரப் போர்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நின்றேன்.