ஏழு விநாடி

காலை ஆறரைக்கு ஆயர் ஈத்தாமில்
லக்சா கடையின் மேல்மாடியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.
நான் பேசுகிறவன் இல்லை.
பேசுகிறவர் அன்பானந்தம்.
நான் போன் எடுக்கிறவன்;
யார், எந்த இடம், என்ன சங்கதி என்று
மஞ்சள் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுகிறவன்.

செவ்வாய்க்கிழமைத் தாள்கள்:
குப்பைத்தொட்டியைக் குரங்குகள் மறுபடி கவிழ்த்தன, குணாளன்.
பிளாட்டில் லிப்ட் ஓடி ஒன்பது நாள், எட்டாம் மாடி, ஜோசபின்.
கொடிமலை ரயில் இன்று உண்டா? கேட்டவர் சுற்றுலாவுக்கு அல்ல,
மேலே புல் வெட்டும் வேலைக்குப் போகிறவர்.
பாலிக் பூலாவ் வளைவில் டுரியான் லாரி சாய்ந்து கிடக்கிறது,
காதர் மொய்தீன். "இருட்டுலயே மூக்கு கண்டுபிடிச்சிருச்சு" என்றார்.

எல்லாரிடமும் நான் சொல்லும் ஒரே வாக்கியம்:
"வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."
இல்லையென்றால் அவர்கள் குரலே
ஏழு விநாடி பிந்தி வந்து அவர்களைக் குறுக்கிடும்.
தன் குரலுக்குத் தானே வணக்கம் சொன்னவர்களும் உண்டு.

அந்த ஏழு விநாடி என் பெருவிரலின் கீழ் இருக்கிறது.
கெட்ட வார்த்தை, மதம், கோர்ட்டில் கிடக்கும் வழக்கு
வந்தால் அழுத்த வேண்டும்.
நான்காவது ஒன்று, எங்கும் எழுதி ஒட்டப்படாதது:
போக்குவரத்துச் செய்தியை வழங்குகிறவர்களின் பெயர்.

கடைசி அழைப்பு இந்திராவதி, பாயா தெருபோங்.
மலையை வெட்டி நிறுத்திய தடுப்புச் சுவர்
அவர் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே.
"தண்ணி எப்பவும் வரும், அதுக்குத்தான் ஓட்டை வெச்சிருக்கான்.
இப்ப ஓட்டைல வரல. ஓட்டைக்குப் பக்கத்துல வருது.
டீத்தண்ணி கலர்ல."
யாரிடமாவது சொன்னீர்களா என்றார் அன்பானந்தம்.
மூன்று கடிதம் என்றார். காவலாளியிடமும் என்றார்.
பிறகு, மேலே நாற்பது மாடி எழுப்புகிறவர்களின்
பெயரைச் சொன்னார்.

என் பெருவிரல் என்னைவிட வேகமாய் யோசிக்கும்.

பினாங்குக்குக் கேட்டது இவ்வளவுதான்:
"அந்த மேல கட்டுறாங்களே,"
ஒரு மூச்சளவு ஒன்றுமில்லை,
"அவங்க ஆளு வந்து போட்டோ புடிச்சிட்டுப் போனான்."
கீழே மீன் ஆய்கிற கத்தி
ஒரு கணமும் நிற்கவில்லை.

அன்று இரவு முழுக்க மழை.
நான் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன், முதல் அழைப்பே அவர்.
ரேடியோவைக் குறைக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார்.
"நேத்து என் பேச்சுல ஒரு ஓட்டை விழுந்துச்சு.
பக்கத்து வீட்டு ஐரின் லிம்முக்குத் தமிழ் தெரியாது,
அவங்களே கேட்டாங்க, ஏன் நடுவுல நின்னுச்சுன்னு."
கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபம்.
"சுவத்துக்கு அடியில பிஸ்கட் டின் வெச்சேன்.
திங்கக்கிழமை பாதி. நேத்து முக்கால்.
இன்னிக்கு விடியறதுக்குள்ள ரெண்டு தடவை ஊத்திட்டேன்.
இதையாச்சும் விடுங்க தம்பி. இது பேரு இல்ல, அளவு."

இந்திராவதி. பாயா தெருபோங். டின்.
ஒட்டினேன். சிவப்பு விளக்கு.

டின்னைச் சொன்னார்.
பிறகு பெயரையும் சொன்னார்,
படிவத்தில் கட்டம் கட்டமாய் நிரப்புகிறவரைப் போல.

ஒன்று. அன்பானந்தம் என்னைப் பார்க்கிறார்.
இரண்டு.
மூன்று. கீழிருந்து மீன் வேகும் வாசம்.
நான்கு. போனுக்குள் அவர் வீட்டு ரேடியோ;
அதில் அவர் இன்னும் டின்னைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.
ஐந்து. கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தேன்.
ஆறு.

"கேட்டுச்சு" என்றார் இந்திராவதி. வைத்துவிட்டார்.

அடுத்து போக்குவரத்துச் செய்தி.
வழங்குகிறவர்கள், என்று தொடங்கிய அன்பானந்தம்
தாளைப் பார்த்தார்,
தண்ணீர் குடித்தார்.
பாலிக் பூலாவில்
லாரியை நிமிர்த்திவிட்டார்களாம்.