எடைமேடையில் ஒரு கொலை

இரவு ஷிப்டு. லாரிக்கும் லாரிக்கும் நடுவே
எடைமேடைக் கூண்டில் படித்து முடித்தேன்.
லூனாஸில் நாகூரான் கடைப் பழம்புத்தகம், இரண்டு வெள்ளி.
அட்டை இல்லை, கரையான் நெடி உண்டு.

செத்தவர் பெரிய துரை.
பாலில் விஷம்.
மருமகன் என்றேன். இல்லை.
டாக்டர்தான் என்று அடித்துச் சொன்னேன்,
அவரும் இல்லை.
கடைசியில் எல்லோரையும் கூடத்தில் நிறுத்தி
பிரட்டு எடுப்பதுபோல் பேர்பேராகக் கூப்பிட்டு
துப்பறிகிறவர் கைகாட்டினார்:
அந்த அமைதியான டைப்பிஸ்டு!
கைதட்டிவிட்டேன்.
நேப்பாளிக் காவலர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

அப்புறம்தான் உறுத்தியது. திருப்பிப் புரட்டினேன்.
நாற்பத்தொன்றாம் பக்கம், ஒற்றை வரி:
சொத்தெல்லாம் மலாயா ரப்பரில் வந்தது.

சாம்பலைச் சலித்தவர்,
கோப்பையின் அடியை முகர்ந்தவர்,
ஈரச் செருப்புத் தடத்தை அங்குலமாய் அளந்தவர்
இந்த வரியை மட்டும்
தொப்பி கலையாமல் தாண்டிப் போகிறார்.
பாலில் விஷம் என்றார்களே,
யார் வெட்டிய பால் அது என்று
ஒருவரும் கேட்கவில்லை.

பென்சிலால் கோடு போட்டேன்.
வாசலில் ஹாரன். செம்பனைக் குலை,
பதினொரு டன் நானூறு.
வெற்று லாரியைக் கழித்து எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாகூரானிடம் கேட்கவேண்டும்,
இதே ஆள் துப்பறிந்த வேறு புத்தகம்
வந்திருக்கிறதா என்று.