434

பிராகிலிருந்து வந்த சுற்றறிக்கை
எளிமையாகத்தான் இருக்கிறது.
முதல் இலக்கம்: இழுக்கும் அச்சுகள்.
இரண்டாவதோடு மூன்றைக் கூட்டிப் பத்தால் பெருக்கினால் வேகம்.
மூன்றாவதோடு பத்தைக் கூட்டு,
ஓர் அச்சு தண்டவாளத்தை அழுத்தும் டன்.

நிம்புர்க் கொட்டகையில் ஏணிமேல் நின்று
பழைய பேரரசின் 170-ஐச் சுரண்டுகிறேன்.
பேரரசு சுலபமாக உதிர்ந்தது;
ஏழின் கொண்டைதான் வரமாட்டேன் என்கிறது.

ஓட்டுநர் க்விடோ கீழிருந்து கணக்குப் போடுகிறான்.
"நாலு அச்சு, சரி. பதினாலு டன், சரி.
அறுபதா?
இறக்கத்தில், பின்காற்றில், இவளுக்கு மனசிருந்தால்."
உறைபனியில் இடது தண்ணீர்க்குழாய் திக்குமே,
அதற்கு எந்த இலக்கம்?
சுற்றறிக்கையைப் புரட்டினேன். இல்லை.

மதியம் ரொட்டியை மென்றபடி
எனக்கும் ஓர் எண் தேடினேன்.
எதையும் இழுக்காத கால்கள்: சுழி.
வேகத்துக்கும் சுழியே போட்டேன்,
அப்போதும் மணிக்கு முப்பது வருகிறது.
கல்யாணத்தன்றுகூட அப்படி ஓடியதில்லை.

மூன்றாம் நாள் விடியலில்
நெருப்பு ஏற ஏற, தகரம் வியர்த்து
434-க்கு அடியிலிருந்து
மெல்ல எழுந்து வந்தது 170.
ஆய்வாளர் ஹினெக் வருமுன்
அவசரமாய் இன்னொரு பூச்சு.
காயவில்லை. க்விடோ காத்திருக்கவில்லை.
கொலின் பக்கம் போய்விட்டாள்,
கடைசி நாலின் காலில்
என் கட்டைவிரல் ரேகையோடு.