உசாத்துணை

நான்காவது அமர்வு. தேநீர் ஆறி ஏடு கட்டிவிட்டது.
கலைச்சொல் வரிசை எண் இருநூற்றுப் பதினேழு:
கான்ஃபிடண்ட்.

அந்தரங்க நண்பர் என்றார் திருவையாற்றுக்காரர்.
வேண்டாம், பத்திரிகைக்காரன் சிரிப்பான் என்றார் தலைவர்.
மந்தணர் என்றார் ஒருவர் மேசையைத் தட்டி.
யாருக்கும் புரியாது;
ரகசியம் காக்கும் சொல்லுக்கு அது தகுதிதானே என்று
தானே சிரித்துக்கொண்டார்.

நான் உசாத்துணை என்றேன்.
உசாவுதல் என்றால் கேட்பது, கலந்து பேசுவது,
மனத்தில் கிடப்பதை ஒருவர்முன் எடுத்து வைப்பது.
அதற்குத் துணை.

'அது புத்தகத்தின் கடைசியில் வருவதல்லவா அம்மா?
பதிப்பகம், ஆண்டு, பக்க எண்?'

ஆமாம். அங்கேதான் வருகிறது.
யாரைக் கேட்டுத் தெளிந்தோமோ அவர்களை
எல்லாம் முடிந்த பிறகு, சிறிய எழுத்தில்,
அகர வரிசையில் நிறுத்தி வைக்கிறோம்.

நம்பிக்கைக்குரியவர் என்று தீர்மானமாயிற்று.
வங்கி மேலாளருக்கும் பொருந்தும்,
ஊருக்குப் போகையில் சாவி வாங்கி வைக்கும்
மாடிவீட்டுக்காரருக்கும் பொருந்தும்.
பதிவேட்டில் நானே எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

ஒரு மணிக்கு ராமகிருஷ்ணபுரத்துப் புல்வெளியில்
வெயில் ஒரு பாய் அளவுக்கு விழும் இடம்
எனக்கும் பல்ஜிந்தருக்கும் உரியது.
அவள் கணக்குப் பிரிவு. திலக் விஹாரிலிருந்து
இரண்டு பேருந்து மாறி வருகிறவள்.
டிசம்பரில் பச்சை ஸ்வெட்டர்,
அதன் பையில் வறுகடலை.

பதினோரு வருடங்களாக இங்கேதான் சொன்னேன்.
சீட்டுக் கம்பெனியில் அவர் தொலைத்த பணம்.
மார்பில் இருந்தது வெறும் கட்டிதான் என்று தெரியும்வரை
பத்தொன்பது நாட்கள்.
நீ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மகன்
ஒரு தீபாவளியிலிருந்து என்னை
நீங்கள் என்று கூப்பிடத் தொடங்கியது.
அதில் அழ என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

எல்லாம் என் இந்தியில்.
அதில் தயிர் ஒருநாள் ஆண், மறுநாள் பெண்.
தமிழில் சொல்லியிருக்க மாட்டேன்.
தமிழில் அந்தச் சொற்களை எல்லாம்
என் சித்திமார்கள் எனக்கு முன்பே
யார் யாரைப் பற்றியோ பேசித் தீர்த்திருந்தார்கள்.

இன்றைய சொல்லைச் சொன்னேன்.
உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள்?

'ராஸ்தார்' என்றாள். 'ரகசியத்தை வைத்திருப்பவள்.'
கடலைத் தோலை ஊதினாள்.
'ஹம்ராஸ் என்றும் உண்டு. அது வேறு.
அதில் இரண்டு பேரும் வைத்திருக்க வேண்டும்.'

நீ எனக்கு எது என்றேன், விளையாட்டாக.

'நான் உன் ராஸ்தார்' என்றாள், உடனே.
கோபமில்லை. கணக்கில் ஒரு தொகையை வாசிப்பது போல.

நான் உனக்கு எது என்று கேட்க
வாய் வரவில்லை.

இவள் பாதி தின்ற பரோட்டா எனக்குத் தெரியும்,
முழங்கால் வலி தெரியும், பிஎஃப் எண்கூடத் தெரியும்.
ஒவ்வொரு வருடமும் நவம்பர் தொடக்கத்தில்
மூன்று நாள் வரமாட்டாள்.
ஏதோ அவர்கள் பண்டிகை என்று
பதினோரு நவம்பர்கள் நினைத்துக்கொண்டு
அந்தப் பாயளவு வெயிலில் கால் நீட்டி
தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

உசாவுதல் என்றால் கேட்பது என்று
காலையில் ஏழு பேருக்கு விளக்கியவள்
நான்.

'நவம்பரில் நீ எங்கே போகிறாய்?'

பதற்றத்தில் வினையை ஆண்பாலில் போட்டுவிட்டேன்.
முதலில் அதைத் திருத்தினாள், வழக்கம்போல.
பிறகு ஒரு கடலையை உடைத்தாள்.
உடைத்ததைத் தின்னாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
'எனக்கு அப்போது ஏழு வயது' என்றாள்.

வெயில் எங்களைவிட்டு நகர்ந்து
சைக்கிள் நிறுத்தத்துக்குப் போயிற்று.
இருநூற்றுப் பதினெட்டாவது சொல்லுக்கு
அன்று நான் போகவில்லை.