பதினான்காவது பாகத்தில் பெட்ரோல் போடப் போனவன்

எங்கள் வீட்டுக்கு மூன்றே சுவர்.
நாலாவது இருக்க வேண்டிய இடத்தில்
இருட்டு உட்கார்ந்து சிரிக்கும்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
சுவர் இல்லாததற்கு வாடகையில்
தள்ளுபடி கேட்கலாமென்று
ஹனீபாவுக்கு ஒருமுறை தோன்றியது.
வாயைத் திறப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

தோ பாயோ, பன்னிரண்டாம் மாடி.
சன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கை
வரைந்து மாட்டியிருந்தார்கள்.
அதில் ஒன்பதாம் மாடிக்காரி மூங்கில் கழியில் போட்ட
சிவப்புப் போர்வை
நான் இருந்தவரை காயவில்லை.

அமலதாஸ் சமைப்பான்.
புகை வரும், சிரிப்பு வரும், சோறு வராது.
ஹனீபா வியாழன்தோறும் காதலிப்பான்,
எட்டரை மணிக்கு மேல் தாங்காது.
துரைக்கண்ணு, எனக்குக் கிடைத்தது கதவு.
திறக்கக்கூடாத நேரம் பார்த்துத் திறக்க வேண்டும்,
"ஓ" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.
வீட்டுக்காரம்மா மிஸஸ் கோமளா
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வருவார்:
"வாடகை வருதா, வாசல் தெரியுதா?"
தேக்கா மீன்காரர்கூட அந்த வருடம்
கடன்காரர்களிடம் அதைத்தான் கேட்டாராம்.

ஒரே ஒரு முறை இருட்டு சிரிக்கவில்லை.
ஒயர் இல்லாத போனில்
ஹனீபாவின் வாப்பா மவுத்தான செய்தி.
வழக்கம்போல் நான் கதவைத் திறந்தேன்.
"ஓ."
அவன் ரிசீவரை நெஞ்சோடு பிடித்திருந்தான்.
திறந்த கதவை எப்படி மூடுவது என்று
எனக்கு யாரும் எழுதித் தந்திருக்கவில்லை.
கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன்,
கருகியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு
அமலதாஸ் ஒரு தட்டில்
உண்மையாகவே சோறு போட்டுக் கொண்டுவரும்வரை.

அடுத்தது பதினான்கு.
ஜோகூரில் பெட்ரோல் மலிவு.
அங்கே போய் நிரப்ப வேண்டுமானால்
இங்கேயே முக்கால் டேங்க் நிரப்பியிருக்க வேண்டும்.
இதுதான் அன்றைய நகைச்சுவை.
இரவல் கார், அரை டேங்க், நான்.
"வரும்போது கறிபஃப் வாங்கிட்டு வாடா"
என்றான் ஹனீபா. அதற்கும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் என் முகத்துக்குச் சொந்தக்காரன்
வேறு வேலைக்குப் போய்விட்டானாம்.
பதினைந்தில், "இன்னும் ஜாம்ல நிக்கிறான்."
பதினாறில், "பாவம், ஜாம்."
பதினேழில் என் கட்டிலில் புதுப் போர்வை,
பின்னால் புது ஆள்.
கதவை அவனும் திறந்தான்,
என்னைவிட நன்றாகவே என்று கேள்வி.

கடல் இரண்டு பக்கமும் கறுத்துக் கிடக்கிறது.
முன்னால் கோழி லாரி,
பின்னால் ஒரு மினிபஸ்,
அதற்கும் பின்னால் யாரும் எழுதாத வண்டிகள்.
கறிபஃப் வாங்கியதாக எனக்கு நினைவில்லை,
ஆனால் பக்கத்து இருக்கையில் பொட்டலம் இருக்கிறது,
சூடாக.

இப்போது நள்ளிரவுகளில்
மறுபடியும் போடுகிறார்கள்.
யீஷூனில் ஓர் அறை,
வேலை முடிந்து வந்த தாதியர் இருவர்,
ஒரே கிண்ணத்தில் மீ, இரண்டு முள்கரண்டி.
"அந்தக் கதவுக்காரன் எங்கடி?"
"பெட்ரோல் போடப் போனானே."
"வரவே இல்லையா?"
"வேற ஆள் வந்துட்டான்ல."
கேட்டவள் மீயைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள்.
"அப்ப முப்பது வருசமா லைன்லயா நிக்கிறான்?"

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்.
டப்பாவில் அடைக்காத, ஒரே ஆளின் சிரிப்பு,
நடுவில் புரையேறி இருமுகிறாள்,
மற்றவள் தலையில் தட்டுகிறாள்.

கோழி லாரி
ஓரடி நகர்கிறது.
பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன்.