பென்சிலால் எழுதவும்

துணுக்காய்ப் பால் சேகரிப்பு நிலையத்தில்
கொழுப்பு அளக்கும் மேசைக்குப் பக்கத்தில்
ஒரு பிஸ்கட் ரின். மூடியில் என் எழுத்து:
உண்ணி இங்கே.

முதல் வாரம் அதற்குள் விழுந்தவை
இரண்டு பீடித்துண்டு, கிழிந்த லொத்தர் சீட்டு,
'ஊருக்குள்ள வேற வேலையில்லையோ' என்றொரு கடுதாசி.
கையொப்பமில்லை. ஆனாலும்
மாணிக்கராசா அண்ணையின் 'ள' எனக்குத் தெரியும்.
பால் கணக்கில் தினம் பார்க்கிற 'ள'.

மூன்றாம் வாரம் அவரே வந்தார்.
இருமல் மருந்துப் போத்தலில், ஸ்பிரிட்டில்,
நாம்பனின் தாடையிலிருந்து பிடுங்கிய மூன்று.
குடித்துப் பெருத்தது ஆமணக்கங்கொட்டை.
குடியாதது, கால் முளைத்த எள்ளு.
"பேனையால எழுதிப் போட்டன். கரைஞ்சு போச்சு."
போத்தலுக்குள் ஒரு நீல முகில்.
பிடுங்கிய நாளும் பிடுங்கிய இடமும்
அதற்குள் எங்கேயோ.
பென்சில், அண்ணை. பென்சில்தான் கரையாது.

பிறகு வரத் தொடங்கின.
பவளராணி: ஆட்டின் காதுமடல், ஐயன்கன்குளம், விடியப்புறம்.
டிலக்சன், எட்டாம் வகுப்பு: என்ர நாய் ரொக்கட், வலப்பக்க அக்குள்,
எடுக்கேக்க கடிச்சது நாய்தான், உண்ணியில்லை.
கண்ணிவெடி அகற்றும் யசோமலர்:
என்னுடைய முழங்காலின் பின்பக்கம்.
பதினேழாம் நிரை, நாற்பதாவது சென்ரிமீற்றர்.
நிலத்தை இவ்வளவு நேராக
வேறொருவரும் எழுதவில்லை.

'காதுக்குள்ள ஆரோ நடக்கினம்' என்று
இரண்டு இரவு அழுத பிள்ளையின் தாய்
மல்லாவி ஆஸ்பத்திரியில் எடுத்ததைப்
பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
"சும்மா கனாக் காணுது எண்டு அடிச்சுப் போட்டன்."
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

மாதமுடிவில் சுவர்ப் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்தோம்.
வீதியோரம் சிவப்பு. குளக்கட்டோரம் சிவப்பு.
கிழக்கே காட்டுப்பக்கம்
உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.
பேராதனையிலிருந்து வந்த பெடியன் சொன்னான்:
"அந்தப் பக்கம் உண்ணி இல்லைப் போல."
பால்கான் கழுவிக்கொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.
"உண்ணி இருக்குத் தம்பி. குனிஞ்சு பார்க்க
அங்க ஆளில்லை.
போகக்கூடாது எண்டு பலகை நட்டிருக்கு."
"மாடு பலகை வாசிக்காது," என்றார் மாணிக்கராசா.
"போய்ப் போட்டு, கொண்டுவரும்."

அன்றுதான் விளங்கியது.
நாங்கள் வரைந்தது உண்ணிகளின் படமல்ல.
குனிந்து பார்த்தவர்களின் படம்.

கனகேஸ்வரி அக்கா வந்தது அதற்குப் பிறகு.
படிவத்தைச் சொல்லிக்கொடுக்கப் போனேன்.
"எனக்கு நிரப்பத் தெரியும் பிள்ளை," என்றாள்.
கடைசியாகக் கண்ட இடம். திகதி. நேரம்.
நிறம். அடையாளம். கூட நின்றவர் ஆர்.
பெட்டி பெட்டியாக, எதையும் விடாமல்,
நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள்.
பதினைந்து வருடம் பழகிய கை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.
கிடைத்தது. இலக்கம் 212.
பெண். முட்டையிடும் பருவம்.
உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

நான் வாசிக்க, அவள் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
இலக்கத்தைத் தன் வாயால் ஒருதரம் சொன்னாள்.
கடிதத்தை நாலாக மடித்து
வங்கிப் புத்தகத்துக்குள் வைத்தாள்.
"பதில் போடுவினமோ?" என்றாள்,
பதில் வந்த பிறகு.

அடுத்த நாள் பால் இல்லாமல் வந்தாள்.
கையில் இரண்டு போத்தல்.
தன் பசுவில் ஒன்றும் அகப்படவில்லையாம்.
அடுத்த வளவுக்காரியின் மாட்டைக் கேட்டு வாங்கி
இரவு ரோச் அடித்துத் தேடினாளாம்.