கழுத்தும் முதுகும்

விசுவமடுச் சந்தியில் கோழி கிலோ ஆயிரத்து இருநூறு.
கழுத்தும் முதுகும் நானூற்றைம்பது.
பலகையில் சோக்கட்டியால் எழுதியிருப்பது
முதல் விலை மட்டும்.
மற்ற விலையைக் கேட்கத்தான் வேணும்,
அதுவும் ஆக்கள் விலகின பிறகு.
"நாய்க்கோ அக்கா?" என்றான் வெட்டுகிற பெடியன்.
ஓம் என்றேன்.
எங்களிடம் நாய் இல்லை.

வீட்டில் ஐந்து வாய்.
மஞ்சளும் உப்பும் தேசிப்புளியும் போட்டுப் பிசைந்து வைத்துவிட்டு
வேலியோரம் போய்ப் பப்பாக்காய் ஒன்று பிடுங்கினேன்,
கையெல்லாம் பால்.
பப்பாக்காய் எலும்பைச் சமாதானப்படுத்தும்.
பிறகு கிழங்கு, மூன்று.
பெரிய துண்டாக வெட்ட வேணும்.
குழம்புக்குள் கிடக்கையில்
இறைச்சி என்று கண் ஒருதரம் நம்ப வேணும்.
தேங்காயில் பாதிதான்.
முதற்பாலைப் பிழிந்து எடுத்து வைத்தேன்.
இரண்டாம் பாலில் அவியட்டும்.
மூன்றாம் பாலில் பேர் மட்டும்தான் இருந்தது,
அதையும் விட்டேன்.

தூளில் மட்டும் நான் கை இறுக்குவதில்லை.
மாசியில் வறுத்து இடிப்பித்த தூள்.
உறைப்புக் கூடினால் சோறு கூடப் போகும்.
சோறு எங்கட வயல்,
சோற்றுக்குக் கணக்கு இல்லை.

பெருஞ்சீரகமும் ரம்பையும் எண்ணெயில் பொரிந்து
குழம்பு ஒருக்கால் கொதித்துத் திரண்ட நேரம் பார்த்து
மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

புதன்கிழமை.
குழுக்கடன், மூன்று கிழமை பிந்தினது.
நிதர்சன், கிளிநொச்சிக் கந்தோர்,
கழுத்தில் அட்டை, கையில் ஹெல்மெற்.
காசில்லைத் தம்பி என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
குழம்பு முந்திவிட்டது.
மூடி போட்டால் சட்டிதான் மூடும்.
வாசம் தகர இடுக்கால் வெளியே போய்
அவன்ரை சேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கோழியோ அக்கா?"
அந்த ஒரு கேள்விக்குள்
மூன்று கிழமையும் அதன் வட்டியும் இருந்தன.

எனக்குப் பத்தி எரிந்தது.
"வாரும். வந்து பாரும்."
சட்டியைத் திறந்து
அகப்பையால் அடியைக் கிளறி
கிடந்ததையெல்லாம் மேலே கொண்டுவந்தேன்.
கழுத்து. கிழங்கு. கழுத்து. முதுகு.
பப்பாக்காய், பப்பாக்காய், கழுத்து.
அவனுடைய கொப்பியை அவன் எனக்குக் காட்டுகிற மாதிரி
நான் அவனுக்குக் காட்டினேன்.
யதுசியா கதவுநிலையைப் பிடித்தபடி நின்றாள்.
கேனுஜன் கோப்பையோடு எப்பவோ குந்திவிட்டான்.

அவன் கனநேரம் பார்த்தான்.
"எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?"
"நானூற்றைம்பது."
"தர்மபுரத்தில முந்நூற்றி எண்பது.
ஆறு மணிக்குப் பிறகு போனால்
ஈரலும் கொஞ்சம் சேர்த்துப் போடுவான்."
ஹெல்மெற்றைத் தலையில் கவிழ்த்தான்.
உள்ளேயிருந்து குரல் வந்தது:
"நாய்க்கோ எண்டு கேட்பான்.
ஓம் எண்டு சொல்லுங்கோ."

அடுத்த புதன் என்று எழுதிக்கொண்டு போனான்.
ஒரு வாய் சாப்பிட்டுப் போம் என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
கோப்பை ஐந்து,
அடுத்த புதனும் அவன்தான் வருவான்.

முதற்பாலை விட்டுச் சட்டியை இறக்கினேன்.
கல் அரியப் போன மனுசன் வந்து
கை கழுவ முதலே கேட்டார், "என்ன விசேசம்?"
விசேசம் ஒன்றுமில்லை.
சின்னவளுக்குக் கிழங்கை மசித்து
எலும்பில் கிள்ளிய நாலு நாரை மேலே வைத்தேன்,
எல்லோரும் பார்க்க.

கேனுஜன் கழுத்தைக் கணுக்கணுவாய்க் கழற்றி
ஒவ்வொன்றையும் விசில் சத்தம் வரும்வரை உறிஞ்சினான்.
கோப்பை ஓரத்தில் அடுக்கினான். எண்ணினான்.
பிறகு கேட்டான்:
"அம்மா, ஒரு கோழிக்கு எத்தினை கழுத்து?"

சோறு போடட்டோ என்றேன்.